சமையல்காரியின் சாட்சி

கண்புரை ஆபரேஷன் முடிந்து சித்தி இரண்டு வாரம் எங்கள் வீட்டில் இருந்தார். கண்ணுக்கு ரொம்ப வேலை கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிவி, போன், புத்தகம் எல்லாவற்றுக்கும் தடை. முதல் இரண்டும் சித்திக்குப் பொருட்டே இல்லை. மூன்றாவதைத்தான் தாங்க முடியவில்லை. "யாராவது வாசிச்சாவது காட்டுங்கடி" என்றார் மூன்றாம் நாள். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் மாட்டிக்கொண்டாள். என்ன வாசிக்கட்டும் என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது: "பேப்பர்ல கொலைக்கு விளம்பரம் குடுப்பாங்களே, அது."

அகதா கிறிஸ்டியின் 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்ட்'. 1950 ஜூனில் வந்தது. அவருடைய ஐம்பதாவது புத்தகம் என்று பதிப்பாளர்கள் தம்பட்டம் அடித்து விற்ற நாவல். சிப்பிங் கிளெக்ஹார்ன் என்ற கற்பனைக் கிராமத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை உள்ளூர்ப் பத்திரிகையைப் பிரிக்கிற எல்லார் கண்ணிலும் ஒரு விளம்பரம் படுகிறது. அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை, மாலை 6.30 மணிக்கு லிட்டில் பாடக்ஸ் என்ற வீட்டில் ஒரு கொலை நடக்கும், நண்பர்கள் இதையே அழைப்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது. அந்த வீட்டின் சொந்தக்காரி லெட்டீஷியா பிளாக்லாக் தானே பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார். ஊரார் ஆளுக்கொரு சாக்கைச் சொல்லிக்கொண்டு ஆறரை மணிக்கு அங்கே வந்து உட்காருகிறார்கள். விளக்கு அணைகிறது. முகமூடிக்காரன் ஒருவன் டார்ச்சோடு கதவைத் திறந்து எல்லாரையும் கையைத் தூக்கச் சொல்கிறான். துப்பாக்கி வெடிக்கிறது. விளக்கு திரும்ப வரும்போது செத்துக் கிடப்பவன் அந்த முகமூடிக்காரன்தான்.

(அக்டோபர் 29 வெள்ளிக்கிழமையாக விழுந்தது 1948-இல். இந்த மாதிரிக் கணக்கெல்லாம் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.)

கொலை செய்தது யார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மற்ற சில முடிச்சுகளை அவிழ்க்காமல் இதை எழுத முடியாது. இன்னும் வாசிக்காதவர்கள் வாசித்துவிட்டு வாருங்கள், நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

அந்த வரவேற்பறைக்கு வெளியே ஒருத்தி இருக்கிறாள். சமையல்காரி மிட்ஸி. சாப்பாட்டு அறையில் வெள்ளிச் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தவளை யாரோ உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வெடிச் சத்தம் கேட்டு அவள் அலறுகிறாள். கதவைத் திறந்த பிறகும் அலறல் நிற்கவில்லை. வந்திருந்த இளைஞர்களில் ஒருவன் அவள் கன்னத்தில் ஓர் அறை விடுகிறான். அலறல் நிற்கிறது. கதை மேலே போகிறது.

என் மகள் மேலே போகவில்லை. "இப்ப அடிச்சானா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு அந்த வரியைத் திரும்ப வாசித்தாள். "யாருமே ஒண்ணும் சொல்லலையே?"

"ஹிஸ்டீரியா வந்தா அப்பல்லாம் அப்படித்தான் பண்ணுவாங்க" என்றார் சித்தி, கண்ணை மூடியபடியே.

"மத்த பொம்பளைங்களும்தான் பயந்துபோய் நிக்கிறாங்க சின்னப் பாட்டி. அவங்கள ஒருத்தரும் அடிக்கலை."

நான் இந்த நாவலை முதலில் வாசித்தது பதினைந்து வயதில். மிட்ஸி வாங்கிய அந்த அறை எனக்கு நினைவே இல்லை. மிட்ஸி நினைவிருக்கிறாள், ஏனென்றால் அவள் வந்தாலே சிரித்தேன். சிரிக்கத்தான் கிறிஸ்டி அவளை எழுதியிருக்கிறார். ஐரோப்பாவின் நடுப்பகுதியிலிருந்து வந்த அகதி என்பதைத் தாண்டி அவளுக்கு ஒரு நாடுகூடக் கொடுக்கவில்லை. உடைந்த ஆங்கிலம். எதைச் சொன்னாலும் நாடகம். தினமும் ஒரு தடவை வேலையை விட்டுப் போகிறேன் என்பாள். போலீஸ்காரரைக் கண்டால், என்னைச் சித்திரவதை செய்வார்கள், முகாமுக்கு அனுப்புவார்கள் என்று அரற்றுவாள். கூடவே, நான் படித்தவள், இந்த அடுப்படி வேலைக்குப் பிறந்தவள் இல்லை என்ற கர்வம் வேறு. வீட்டிலிருக்கும் இளவட்டங்களுக்கு அவள் ஓயாத வேடிக்கை.

விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டர் கிராடாக்கிடம் மிஸ் பிளாக்லாக் அவளைப் பற்றி எடுத்துச் சொல்கிறார். பொய் சொல்கிறாள் என்பதற்காக அவளைத் தள்ளிவிடாதீர்கள், அவளுடைய பொய்களுக்கு அடியில் கொஞ்சம் நிஜம் இருக்கும் என்கிறார். பத்திரிகையில் வந்த கொடுமைகள் எல்லாம் தன் குடும்பத்துக்கே நடந்ததாக அவள் கதையை வளர்த்துக்கொண்டே போகிறாள், ஆனாலும் சொந்தக்காரர் ஒருவராவது தன் கண் முன்னால் கொல்லப்பட்டதை அவள் பார்த்தது உண்மை என்கிறார். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார். பதினைந்து வயதில் நானும் கூடவே போய்விட்டேன். இப்போது மகள் சத்தமாக வாசித்தபோதுதான் காதில் விழுந்தது. போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள் ஆன நேரத்தில் வந்த புத்தகம் இது.

மிட்ஸி எப்படி ஓர் ஆங்கிலேய வீட்டு அடுப்படிக்கு வந்து சேர்ந்திருப்பாள் என்று அன்றிரவு தேடிப் படித்தேன். 1938-39-இல் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பிக்கப் பார்த்த யூதப் பெண்களுக்குப் பிரிட்டனில் திறந்திருந்த வாசல்களில் பெரியது வீட்டுவேலைக்கான அனுமதிச் சீட்டு. சுமார் 20,000 பெண்கள் அப்படி வந்தார்கள். கல்லூரியில் படித்தவர்கள், டாக்டர் வீட்டுப் பெண்கள், சொந்த வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருந்தவர்கள் என்று பலரும் அதில் உண்டு. எனக்குச் சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும், வேலை கொடுங்கள் என்று லண்டன் பத்திரிகைகளில் வரிவிளம்பரம் கொடுத்தார்கள். நான் இந்த வேலைக்குப் பிறந்தவள் இல்லை என்று மிட்ஸி சொல்வதைக் கேட்டுச் சிரிக்கிறோமே, அவளைப் போல் வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு அது வெறும் தகவல்.

முகாம் பயமும் அப்படித்தான். 1940-இல் பிரிட்டன் 'எதிரி நாட்டார்' என்று சுமார் 27,000 பேரைப் பிடித்து அடைத்து வைத்தது. அதில் பெரும்பாலோர் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த அகதிகள். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் கடலில் இருக்கும் மான் தீவில் கடற்கரை விடுதிகளைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். பெண்களுக்குத் தனி முகாமே இருந்தது. அது கொலைமுகாம் இல்லை, உண்மைதான். ஆனால் கதவைத் தட்டும் போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு போய் அடைத்துவிடுவார் என்ற பயம் இங்கிலாந்தில் அர்த்தமில்லாத பயம் என்று சொல்ல முடியாது. 1950-இல் புத்தகத்தை வாங்கிய ஆங்கிலேய வாசகருக்கு இது பத்து வருடத்துக்கு முந்தைய செய்தி. மறந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தும் சிரித்திருப்பார்.

மறுநாள் காபி நேரத்தில் இதையெல்லாம் சொன்னேன். மகள் உடனே 2023 விவகாரத்துக்குப் போய்விட்டாள். கிறிஸ்டியின் புதிய பதிப்புகளில் இன்றைய வாசகருக்கு உறுத்தும் வரிகளைப் பதிப்பகம் நீக்கியதும் மாற்றியதும் அப்போது செய்தியானது. ஒரு கதையில் நீதிபதி ஒருவருக்கு 'இந்தியக் கோபம்' இருந்ததாக ஒரு வரி. இப்போது அது வெறும் கோபம்.

"அது என்னடி இந்தியக் கோபம்? காரம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குமோ?" என்று சித்தி சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது.

எனக்கு அந்தத் திருத்தங்கள் மேல் பெரிய கோபமும் இல்லை, பெரிய நம்பிக்கையும் இல்லை. 1939-இல் கிறிஸ்டி எழுதிய ஒரு நாவலின் தலைப்பிலேயே கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் சொல் இருந்தது. அமெரிக்காவில் அடுத்த வருடமே தலைப்பை மாற்றித்தான் வெளியிட்டார்கள். பிரிட்டனில் 1980-கள் வரை அந்தப் பழைய தலைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை என்கிறவர்களுக்கு இந்த ஒன்று போதும். படவேண்டியவர்களுக்கு அந்தக் காலத்திலேயே பட்டிருக்கிறது.

ஆனால் மிட்ஸியை எந்தப் பேனாவை வைத்துத் திருத்துவது? அவள் வரும் பக்கங்களில் கெட்ட வார்த்தை என்று வட்டம் போட ஒன்றும் இல்லை. இருப்பது ஒரு தொனி. அவள் வாயைத் திறக்கும்போது நம் உதடு தானாக விரியும்படி செய்திருக்கிறார்கள். அதை வெட்டினால் அவளையே வெட்ட வேண்டும், அவளை வெட்டினால் கதை நிற்காது.

ஏனென்றால் கதையே, யார் சொன்னால் யார் நம்புவார்கள் என்பதில்தான் ஓடுகிறது. சித்திரம் போல இரண்டு இடங்கள் இருக்கின்றன.

முதலாவது வெண்ணெய். அப்போது பிரிட்டனில் ரேஷன் அமலில் இருந்தது, 1954 ஜூலை வரை இருந்தது. வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி எல்லாம் அளவு. ஆனால் சிப்பிங் கிளெக்ஹார்னில் வியாழக்கிழமை பக்கத்துப் பண்ணையில் வெண்ணெய் எடுப்பார்கள், வேண்டியவர்களுக்கு ரகசியமாகக் கொஞ்சம் போகும். இந்த வீட்டுக்காரர் அந்த வீட்டில் வெண்ணெய் வைத்துவிட்டுப் போவார், பதிலுக்கு இன்னொன்று வரும். அதற்காகத்தான் ஊரில் யாரும் பக்கவாசலைப் பூட்டுவதில்லை. இது சட்டப்படி குற்றம், இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். காதில் விழாத மாதிரி இருந்துவிடுகிறார். நமக்கும் அது அழகான கிராமத்துப் பழக்கமாகத்தான் தெரிகிறது. கௌரவமானவர்கள் சேர்ந்து ஏமாற்றினால் அதற்குப் பெயர் ஒத்தாசை.

இரண்டாவது, தோட்டத்துக் கொட்டகை. அந்த வீட்டில் ஃபிலிப்பா ஹேம்ஸ் என்ற இளம் விதவை தங்கியிருக்கிறாள். நல்ல குடும்பம், அளந்த பேச்சு, கணவர் இத்தாலியில் போரில் இறந்துவிட்டார், பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகன். அவள் அந்தக் கொட்டகையில் ஓர் ஆணோடு ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்ததைத் தன் காதால் கேட்டேன் என்று மிட்ஸி போலீஸில் சொல்கிறாள். செத்துப்போன முகமூடிக்காரன்தான் அந்த ஆள் என்று தன் பங்குக்கு ஒட்டுப் போடவும் செய்கிறாள். ஃபிலிப்பா நிதானமாக மறுக்கிறாள். அவ்வளவு நிதானமாக மறுத்தால் யார்தான் மிட்ஸியை நம்புவார்கள்? கடைசியில் பார்த்தால் கொட்டகையில் ஆள் இருந்தது நிஜம். அது ஃபிலிப்பாவின் கணவன். அவன் போரில் சாகவில்லை, ராணுவத்தைவிட்டு ஓடிப்போனவன். பொய் சொன்னது சீமாட்டி. முக்கால்வாசி நிஜத்தைச் சொன்னது சமையல்காரி.

இந்த இடம் வந்ததும் மகள் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, "இதுக்காகத்தான் அவள அப்படி எழுதியிருக்காங்களாம்மா?" என்றாள். இருக்கலாம். நம் மனத்தின் கோணலைத் தெரிந்துகொண்டு அதிலேயே பொறி வைக்கிறவர் கிறிஸ்டி. வேலைக்காரர்களை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை, வெளிநாட்டுக்காரர்களை யாரும் நம்புவதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பொறி வைத்தவர் அந்தக் கோணலுக்கு வெளியே நின்றார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஃபிலிப்பாவின் பொய் வெளியே வந்ததும் எல்லாரும் அவள் மேல் இரக்கப்படுகிறார்கள். மிட்ஸி சொன்னது சரிதான் என்று ஒருவரும் அவளிடம் போய்ச் சொல்லவில்லை.

செத்த முகமூடிக்காரன் ரூடி ஷெர்ஸும் வெளிநாட்டுக்காரன்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்துக்காரன், பக்கத்து ஊர் ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலை. யாரோ காசு கொடுத்து, ஒரு வேடிக்கைக்கு இப்படிச் செய் என்று சொல்லி அனுப்பப்பட்டவன். ஊரார் அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வெளிநாட்டுக் கொள்ளைக்காரன் வந்தான், தன் துப்பாக்கியால் தானே செத்தான், அவ்வளவுதான். அவனை ஒரு மனிதனாக எடைபோடுகிறவர் கதையில் துப்பறியும் கிழவி மிஸ் மார்ப்பிள் மட்டும்தான். அதுவும் அவன் அவருடைய காசோலையில் ஏழு பவுண்டைப் பதினேழாக்கி ஏமாற்றியிருந்தும்! இப்படிச் சில்லறைத் திருட்டுச் செய்கிறவன் துப்பாக்கியோடு கிளம்புகிற ரகம் இல்லை என்கிறார்.

ரகம். அந்தக் கிழவியின் துப்பறிதல் முழுக்க அதுதான். இவர் எங்கள் ஊர் மீன்கடைக்காரர் மாதிரி, அவள் எங்கள் ஊர் இன்னாரின் மருமகள் மாதிரி என்று ஆட்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்தே உண்மையைக் கண்டுபிடித்துவிடுவார். கிராமத்து மனசின் மிக மோசமான பழக்கத்தை எடுத்துக் கிறிஸ்டி அதையே அறிவாக மாற்றிக் காட்டினார். எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறதே என்று கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

நடுவில் மார்ப்பிள் ஒரு நீண்ட பேச்சுப் பேசுவார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஊரில் யார் யார் என்று எல்லாருக்கும் தெரியும், புதிதாக வருகிறவருக்கு யாராவது அறிமுகக் கடிதம் கொடுத்திருப்பார்கள், இப்போது இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்து வீடு எடுக்கிறார்கள், அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதுதான் என்பார். கிராடாக்கும் யோசிப்பார்: கையில் இருப்பதெல்லாம் ரேஷன் புத்தகமும், போட்டோவோ கைரேகையோ இல்லாத அடையாள அட்டையும்தானே.

"இந்தியாவுலேர்ந்து வந்தவங்கன்னா நாமளா?" என்றாள் மகள்.

இல்லை. இங்கே உத்தியோகம் பார்த்துவிட்டு 1947-க்குப் பிறகு மூட்டை கட்டிய வெள்ளைக்காரர்கள். நாவலில் ஈஸ்டர்புரூக் என்று ஒரு கர்னல் வருவார், எல்லாம் தெரிந்த மாதிரிப் பேசுவார், அந்த வகை. நம் ஆள் ஒருவர்கூட அந்த வரவேற்பறையில் இல்லை. ஆனால் பதினைந்து வயதில் வாசித்தபோது நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மிஸ் பிளாக்லாக்குக்குப் பக்கத்தில், ஷெர்ரி கோப்பையோடு, இந்த மிட்ஸியோடு ஒரே தொல்லையப்பா என்று அலுத்துக்கொண்டு. அடுப்படியில் இருந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஆங்கிலத்தில் வாசிக்கக் கற்றுக்கொண்டபோதே அந்த நாற்காலியும் சேர்ந்து வந்துவிட்டது போலிருக்கிறது.

ஹிஞ்ச்கிளிஃப், மர்கட்ராய்ட் என்ற இரண்டு பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே வீட்டில் கோழி வளர்த்துக்கொண்டு வாழ்கிறார்கள். ஒருத்தி கிராப்பு வெட்டி, கால்சட்டை போட்டு, அதட்டிப் பேசுவாள். இன்னொருத்தி குண்டாக, பயந்த சுபாவம். "சின்னப் பாட்டி, இவங்க ஜோடி" என்றாள் மகள் இரண்டாம் நாளே. "தோழிங்கன்னுல்ல நெனச்சேன் இத்தனை வருஷமா" என்றார் சித்தி. அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமா, இருக்கும்" என்று முடித்துக்கொண்டார். 1967 வரை இங்கிலாந்தில் ஆண்கள் இருவர் அப்படி வாழ்ந்தால் சிறை. பெண்கள் விஷயத்தில் சட்டம் வாய் திறக்கவில்லை, ஊரும் திறக்கவில்லை. கிறிஸ்டியும் எங்கேயும் பெயர் சொல்லவில்லை, ஆனால் அவர்களை வைத்து ஒரு கேலிகூட மலிவாகச் செய்யவில்லை. மிட்ஸிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இத்தனை நாளும் சித்தி, அந்தக் காலம் அப்படி என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. மகளுக்கு அதில் வருத்தம். எனக்குக் குழப்பம். ஏனென்றால் சித்தி 1972-இல் இருபத்து மூன்று வயதில் நர்ஸாக இங்கிலாந்துக்குப் போய் ஒன்பது வருடம் இருந்தவர். மிட்ஸியை வாசிக்கும்போதெல்லாம் குலுங்கிச் சிரித்தவரும் அவர்தான்.

கடைசி அத்தியாயத்துக்கு முந்தின நாள் கேட்டேவிட்டேன். "உங்களுக்கு அது உறுத்தவே இல்லையா சித்தி?"

அவர் ஒரு கதை சொன்னார். ராத்திரி டூட்டி. ஒரு வயதானவருக்கு மூச்சு சரியாக இல்லை என்று மூத்த நர்ஸிடம் மூன்று தடவை போய்ச் சொல்லியிருக்கிறார். நீ என்ன சொல்கிறாய் என்றே புரியவில்லை, மெதுவாகப் பேசு என்று மூன்று தடவையும் பதில். நாலாவது தடவை கூட இருந்த ஆங்கிலேயப் பயிற்சி நர்ஸ் போய் அதே வார்த்தையைச் சொல்ல, டாக்டர் வந்தார். நோயாளி பிழைத்துக்கொண்டார். காலையில் எல்லாரும் அந்தப் பெண்ணைப் பாராட்டினார்கள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சிரிச்சேன். ஒம்பது வருஷமும் சிரிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "இந்தப் புஸ்தகத்த அங்க ஹாஸ்டல்லதான் மொதல்ல படிச்சேன். மிட்ஸி வந்தா நான் சிரிக்கிறது அவளப் பாத்து இல்லடி. அந்த ஊர்லயே யாருக்கும் பணியாதவ அவ ஒருத்திதான். போலீஸத் திட்டறா, எஜமானியத் திட்டறா, ஒங்க ஊர்ச் சாப்பாடு ஒரு சாப்பாடாங்கறா. நான் அங்க நெனச்சதையெல்லாம் அவ வாய்விட்டுச் சொல்றா. சிரிக்காம என்ன பண்ணுவேன்?"

என் மகள் வாயடைத்துப் போனாள். நானும்தான். கிறிஸ்டி வைத்த இடத்தில் சித்தி சிரிக்கவே இல்லை, ஐம்பது வருடமாக.

கடைசி நாள். கொலையாளியைப் பிடிக்க ஒரு பொறி தேவைப்படுகிறது. சாவித்துவாரம் வழியாகப் பார்த்தேன், யார் என்று எனக்குத் தெரியும் என்று மிட்ஸி எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். பொய்தான். உயிருக்கே ஆபத்தான பொய். அவளைச் சம்மதிக்க வைத்தது மிஸ் மார்ப்பிள். ஐரோப்பாவில் நாஜிகளை எதிர்த்துப் போராடிய பெண்களின் வீரக் கதைகளை அவளுக்குச் சொல்லியிருக்கிறார். அதில் சிலது நிஜம், சிலது நானாகக் கட்டியது என்று பிற்பாடு அவரே ஒத்துக்கொள்கிறார்.

"பாத்தியா, கிழவி புளுகினா அது புத்திசாலித்தனம்" என்றார் சித்தி.

மிட்ஸி சொன்னபடியே செய்கிறாள். சமையலறைத் தொட்டித் தண்ணீரில் அவள் தலையை அமுக்கப் பார்க்கிறது ஒரு கை, அந்த நொடியில் ஆள் பிடிபடுகிறது. பிறகு அவள் வேறு வேலைக்குக் கிளம்பிப் போய்விடுகிறாள். போன இடத்தில் தன் வீரத்தைச் சொல்லிக்கொண்டிருப்பாள், இங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மகள் புத்தகத்தை மூடினாள். சித்தி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

"புது வீட்டுல அவ சொன்னத நம்பியிருப்பாங்களா சின்னப் பாட்டி?"

"எங்க நம்புவாங்க" என்றார் சித்தி. "நல்லா கேக் பண்றா, வாய்தான் கொஞ்சம் நீளம்னு சொல்லியிருப்பாங்க." அப்புறம் என்னைப் பார்த்து, "ராத்திரிக்கு என்ன, தோசையா?" என்றார்.